கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் மாதம், நக்சோஸ் துறைமுகம். மதியம் மூன்று மணிக் கப்பலில் ஏதென்ஸின் முக்கியத் துறைமுகமான பிரேயஸ் போய்ச் சேர்ந்து, அன்று இரவு பதினொரு மணிக்கு ஏதென்ஸிலிருந்து விமானம் ஏறுவது என் திட்டம். நடுவில் தாராளமாக நேரம் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை, வெயில் பளீரென்று அடிக்கிறது. டிக்கெட் கடைக் கண்ணாடியில் மட்டும் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளூர் மூதாட்டி ஒருவர் அதைப் படித்தார், தலைமுண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார், பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். அன்று கப்பல் இல்லை. மறுநாளும் இல்லை. விமான டிக்கெட் வீணானது.

அந்தத் தாளில் இருந்த சொல் 'அபகோரெஃப்திகோ'. கப்பல் புறப்படத் தடை என்று பொருள். கோடையில் ஏஜியன் கடல் மேல் வடக்கிலிருந்து 'மெல்டெமி' என்றொரு காற்று வீசும். ஜூலை, ஆகஸ்டில்தான் அதற்கு உச்சம். தொடங்கினால் சில நாள்கள் விடாமல் அடிக்கும். மழை, இடி, கறுத்த வானம் இருந்தால்தான் கடல் மோசம் என்று நமக்கு ஒரு நினைப்பு. மெல்டெமிக்கு அதெல்லாம் வேண்டாம். நீல வானத்தின் கீழேயே அலையைக் கிளப்பிவிடும். காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் அது 8-ஐத் தொடும் என்று தெரிந்தால் பொதுவாகத் தடை வந்துவிடும். வேகக் கப்பல்களையும் சிறு கப்பல்களையும் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே முதல் தவறு, மற்றெல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: ஊர் திரும்பும் விமானத்தையும் தீவிலிருந்து வரும் கப்பலையும் ஒரே நாளில் வைப்பது. கடைசி இரவு ஏதென்ஸில் தங்குவது போல் திட்டமிடுங்கள். ஆகஸ்ட் என்றால் இரண்டு இரவு வைத்தாலும் தவறில்லை. இன்னொரு வழியும் உண்டு. தொலைவில் இருக்கும் தீவுக்கு முதலில் போய்விட்டு, ஏதென்ஸை நோக்கி நெருங்கி நெருங்கி வருவது. சாண்டோரினியில் தொடங்கி, நக்சோஸ், பாரோஸ் என்று மேலே வந்தால், பயணத்தின் கடைசிக் கட்டம் குறுகியதாகிவிடும். கப்பல்களும் கூடுதலாக இருக்கும்.

தடை வந்தால் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அதை விதிப்பது துறைமுகக் காவல் துறை. 2000 செப்டம்பர் 26 இரவு, பலத்த காற்றில் 'எக்ஸ்பிரஸ் சமினா' என்ற கப்பல் பாரோஸுக்குப் பக்கத்தில் பாறையில் மோதி மூழ்கியது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கடற்கரை ஊர்களில் யாரும் அதை மறக்கவில்லை. பணத்தைப் பொறுத்தவரை, கப்பல் ரத்தானால் முழுத் தொகையைத் திரும்பக் கேட்கவோ அடுத்த கப்பலில் இடம் கேட்கவோ ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது. மோசமான வானிலையால் ரத்தானால் மட்டும் ஓட்டல் செலவை அவர்கள் ஏற்க வேண்டியதில்லை. தவறிப்போன விமானத்துக்கும் யாரும் பொறுப்பில்லை.

காற்று போலவே வேலைநிறுத்தமும் கப்பலை நிறுத்தும். மே 1 அன்று பயணம் வைக்காமல் இருப்பதே நல்லது. மாலுமிகள் அன்று வழக்கமாகக் கப்பல்களைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். மற்ற நாள்களில் பொதுவாக முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும்.

அடுத்து, எந்தக் கப்பல் என்ற கேள்வி. பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்குப் பெரிய சாதாரணக் கப்பலில் ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும். வேகக் கப்பலில் ஐந்து மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். மூன்று மணி நேரம் மிச்சம் என்று எல்லோரும் அதற்கே பாய்கிறார்கள், கூடுதல் விலையும் கொடுக்கிறார்கள். ஆனால் வேகக் கப்பல்கள் பலவற்றில் திறந்த மேல்தளமே கிடையாது. விமானம் போல ஒரு நாற்காலியில் அடைந்து உட்கார வேண்டும். அலை அடித்தால் வயிற்றைப் புரட்டும். காகிதப் பையோடு ஊழியர்கள் நடுவழியில் நடந்துகொண்டே இருப்பார்கள். பெரிய கப்பல் நிதானமாகப் போகும், மேல்தளத்தில் காற்று வாங்கலாம், ஒவ்வொரு தீவும் தூரத்தில் எழுந்து வருவதைப் பார்க்கலாம். காற்று நாளிலும் கடைசி வரை ஓடுவது அதுதான். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் நான் யோசிக்காமல் பெரிய கப்பலைத்தான் சொல்வேன். கிரீட்டின் ஹெராக்லியனுக்கு இரவுக் கப்பல் இருக்கிறது. ஒன்பது மணிக்கு ஏறி, கேபினில் தூங்கி, விடியும்போது இறங்கலாம். ஓர் இரவு ஓட்டல் வாடகையும் மிச்சம்.

வரைபடத்தைப் பார்த்துத் தீவுகளைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. கப்பல்கள் பெரும்பாலும் தீவுக் கூட்டங்களுக்கு உள்ளேதான் ஓடும். சைக்ளடீஸ் ஒரு கூட்டம், டோடெக்கனீஸ் ஒரு கூட்டம், மேற்கே அயோனியன் தீவுகள் தனி. கோர்ஃபுவையும் சாண்டோரினியையும் ஒரே பயணத்தில் கப்பலால் இணைக்க நினைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டும் நிலப்பரப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. கோர்ஃபுவுக்கு இகூமெனிட்சா துறைமுகத்திலிருந்து போக வேண்டும். ஜாகிந்தோஸுக்குக் கில்லினி, ஸ்கியாதோஸுக்கு வோலோஸ். இவை எதற்கும் பிரேயஸ் பக்கமே வர வேண்டாம். ஒரு வாரம் கையில் இருந்தால் ஒரே கூட்டத்தில் இரண்டு தீவு, மிஞ்சினால் மூன்று. சாண்டோரினிக்கும் கிரீட்டுக்கும் இடையே கோடையில் வேகக் கப்பல் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் குளிர்காலத்துக்கும் அதையே நம்பித் திட்டம் போடாதீர்கள். குளிர்காலத்தில் கால அட்டவணை பாதியாகச் சுருங்கிவிடும். அடுத்த கோடையின் அட்டவணையும் ஒரு வருடம் முன்னால் முழுதாக வராது, அதனால் இணையத்தில் கப்பல் தெரியவில்லையே என்று முன்கூட்டியே பதறவும் வேண்டாம்.

ஏதென்ஸுக்கு மூன்று துறைமுகங்கள் என்பது பலருக்கும் தெரிவதில்லை. பிரேயஸ், ரஃபீனா, லவ்ரியோ. மைகோனோஸுக்கும் டினோஸுக்கும் ரஃபீனாவிலிருந்தும் கப்பல் உண்டு, அது விமான நிலையத்துக்குப் பக்கம். நேராக விமானத்திலிருந்து இறங்கி மைகோனோஸ் போகிறவர் பிரேயஸுக்கு ஒரு மணி நேரம் பயணம் செய்வது வீண் அலைச்சல். அதே சமயம் டிக்கெட்டில் ரஃபீனா என்று இருப்பதைக் கவனிக்காமல் பிரேயஸில் போய் நின்றால் அந்தக் கப்பல் போனதுதான்.

பிரேயஸே ஒரு சிறு நகரம். ஈ1-இல் தொடங்கி வாசல்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 2022 முதல் நேராக அங்கே போகிறது. மெட்ரோ நிலையம் ஈ6, ஈ7 வாசல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோட்ஸ், கோஸ் போகும் கப்பல்கள் நிற்கும் ஈ1 மறுகோடியில். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் அரை மணி நேரம் போய்விடும். துறைமுகத்துக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது, ஆனால் அதற்கும் காத்திருக்க வேண்டும். முந்தின நாளே வாசல் எண்ணைச் சரிபார்த்து, ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். கப்பல் நேரத்துக்குக் கிளம்பும். கதவு மேலே எழும்போது ஓடிப் போய் ஏறுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். 2023 செப்டம்பரில் அதே பிரேயஸில் கடைசி நொடியில் ஏற ஓடிய இளைஞர் ஒருவரைக் கப்பல் ஊழியர்கள் தள்ளியதில் அவர் கடலில் விழுந்து இறந்தார். நாடே கொந்தளித்தது. அடுத்த கப்பல் வரும், காத்திருக்கலாம்.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பயணத்தையே கெடுக்கும். பலகையிலும் அட்டவணையிலும் சாண்டோரினி பல நேரம் 'திரா' என்றுதான் இருக்கும். கோர்ஃபு 'கெர்கிரா', லெஸ்போஸ் 'மிதிலீனி'. சில தீவுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துறைமுகம் உண்டு. அமோர்கோஸில் கதாபொலா, எகியாலி. சமோஸில் வத்தி, கார்லோவாசி. இக்காரியாவில் எவ்டிலோஸ், அகியோஸ் கிரிகோஸ். ஓட்டலை ஒரு பக்கத்தில் பதிவு செய்துவிட்டு மறுபக்கத்தில் இறங்கினால், மலைப்பாதையில் டாக்சிக்கு நல்ல தொகை போகும். கிரீட்டின் சானியாவுக்கு டிக்கெட் எடுத்தால் கப்பல் நிற்பது ஊருக்குள் அல்ல, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூடாவில்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. கோஸிலிருந்து போத்ரும், ரோட்ஸிலிருந்து மர்மாரிஸ், சமோஸிலிருந்து குஷாதாசி என்று துருக்கிக்குச் சிறு கப்பல்கள் போகின்றன. கண்ணுக்கெதிரே கரை தெரிகிறதே, ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றும். ஆனால் அது ஷெங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய பகுதியின் எல்லையைத் தாண்டுவது. உங்களிடம் இருப்பது ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால், திரும்பி வர முடியாது. துருக்கிக்குள் நுழையவும் தனி அனுமதி வேண்டும்.

வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றுவதாக இருந்தால், கார் கொடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல ஒப்பந்தங்களில் கப்பலுக்குள் நடக்கும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. பெரும்பாலும் ஒவ்வொரு தீவிலும் புதிதாகக் கார் எடுப்பதே மலிவு.

இறங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளைக் கீழே வண்டிகள் நிற்கும் தளத்தில், தீவின் பெயர் எழுதிய அடுக்குகளில் வைக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட், மருந்து, பணம் எதையும் அதில் விடாதீர்கள். உங்கள் தீவின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும் கிளம்பிவிட வேண்டும். கரையைத் தொடும் வரை மேலே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போதாது. கீழ்த்தளத்தில் டீசல் புகையும் இரும்புச் சூடும், நூறு பேர் பெட்டியோடு தோளோடு தோள் உரசி நிற்பார்கள். சங்கிலி கடகடவென்று ஓடும் சத்தம், இருட்டில் ஒரு கோடாக வெளிச்சம், கதவு கீழே சாய்கிறது. சிறு தீவுகளில் அது திறந்திருப்பது சில நிமிடங்கள்தான். தூங்கிப் போனவர்களை எழுப்ப யாரும் வர மாட்டார்கள், அடுத்த தீவில்தான் கண் விழிக்க வேண்டும்.

சாண்டோரினியில் இறங்கினால் அது மலை அடிவாரத்து அதினியோஸ் துறைமுகம். ஊருக்குப் போக வளைந்து வளைந்து ஏறும் ஒரே சாலை. கேபிள் கார் இருப்பது இங்கே அல்ல, உல்லாசக் கப்பல் பயணிகள் வந்திறங்கும் ஃபிராவின் பழைய துறைமுகத்தில். இரண்டு மூன்று கப்பல்கள் அடுத்தடுத்து வந்தால் அந்தச் சாலை அப்படியே நின்றுவிடும், டாக்சியும் கிடைக்காது. ஓட்டலிடம் முன்பே சொல்லி வண்டி வரவழையுங்கள், இல்லாவிட்டால் இறங்கியதும் எங்கும் நிற்காமல் நேராக ஃபிரா போகும் பேருந்தில் போய் உட்காருங்கள். கப்பல் வரும் நேரத்தை ஒட்டி அது அங்கே காத்திருக்கும்.