உருமறைப்பு வண்ணம்: ஓரத்தில் நடக்கும் தவறுகள்

உருமறைப்பு வண்ணம் பூசிய விமான மாடலில் கோளாறு எங்கே என்று தேட நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தைப் பார்த்தாலே போதும். இரண்டாவது நிறம் படக்கூடாத இடத்தை எதை ஒட்டி மறைப்பது என்று யோசிக்கும் முன்பே அந்த ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும். எல்லா விமானத்துக்கும் ஒரே முறையைக் கையாள்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். மேற்புறத்தில் டார்க் எர்த் (மண் பழுப்பு), டார்க் கிரீன் (கரும்பச்சை) என இரண்டு நிறங்கள். விமான அமைச்சகம் வரையறுத்த வடிவத்தில் பூசப்பட்டவை. ஓரம் கிட்டத்தட்டக் கூர்மையானது. ஒரு நிறம் மற்றதில் கலந்து மங்கும் பட்டை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும், 1/48 மாடலில் (உண்மை அளவில் 48-இல் ஒரு பங்கு) அது அரை மில்லிமீட்டர்தான். மாடலில் மூன்று மில்லிமீட்டர் மங்கலாக விட்டால், உண்மை விமானத்தில் அது 14 சென்டிமீட்டருக்கு மேல். அதே ஆண்டு ஜெர்மன் போர் விமானங்களான மெஸ்ஸர்ஷ்மிட் 109-களின் பக்கவாட்டில் இருந்த புள்ளித் திட்டுகளோ கையால் தெளித்தவை. அவற்றை டேப் வெட்டி ஒட்டிப் பூசினால் ஸ்டிக்கர் போலத்தான் தெரியும். அங்கே காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் மட்டும் போதும்.

ஸ்பிட்ஃபயருக்குப் பலரும் நாடுவது ப்ளூ டாக் போன்ற புட்டியை (பிசைந்து ஒட்டக்கூடிய மென்மையான பசை) திரியாக உருட்டி, நிற எல்லையில் ஒட்டும் முறை. நல்ல முறைதான், ஆனால் திரி பென்சில் கனத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் போதும். இன்னொன்று ஏர்பிரஷைப் பிடிக்கும் கோணம். பரப்புக்கு நேர் செங்குத்தாகத் தெளித்தால் ஓரம் எங்கும் ஒரே அளவில் மங்கும். சாய்த்துத் தெளித்தால் ஒரு பக்கத் திரியின் அடியில் வண்ணம் புகும், எதிர்ப்பக்கத் திரி நிழல் விழுத்தும். ஒரே பச்சைத் திட்டுக்கு ஒரு கரை மங்கல், மறு கரை கூர்மை என்றாகிவிடும். இறக்கையும் உடலும் சேரும் வளைவில்தான் இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் அங்கே கை தானாகவே சாய்கிறது. சில்லி புட்டி (குழந்தைகள் விளையாடும் இழுபடும் பசை) என்றால் இன்னொரு வம்பு: அது மெல்ல வழிந்து பரவும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. ஒட்டியதும் தெளித்துவிடுங்கள்.

வடிவத்தைக் கண்ணளவில் வரைவதைத் தவிருங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் நுனிக்கு நுனி 11.23 மீட்டர்; 1/48-இல் 234 மில்லிமீட்டர். கையேட்டுப் படத்தில் அது 130 மில்லிமீட்டராக இருந்தால் 180 சதவீதத்துக்குப் பெரிதாக்கி நகலெடுத்து வெட்டிக்கொள்ளலாம். உடல் வளைவில் மட்டும் தட்டையான படம் பொருந்தாது. மேல்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் முதுகில் பென்சிலால் இணைத்துக்கொள்ள வேண்டும்.

டேப்பைப் பிரிக்கும்போது வண்ணமும் உரிந்து வந்தால், பழி பெரும்பாலும் டேப் மேல் விழுகிறது. உண்மைக் குற்றவாளி அடியில் இருக்கிறது: கழுவாத பிளாஸ்டிக், பிரைமர் (வண்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) இல்லாமை, அல்லது பொறுமையின்மை. அக்ரிலிக் வண்ணம் தொட்டால் சில நிமிடங்களில் காய்ந்ததுபோல் இருக்கும். ஒரு நாளாவது விட வேண்டும். எனாமல் வண்ணத்துக்கு இன்னும் கூடுதல். டேப்பை முதலில் கண்ணாடியில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பசையின் வேகம் குறையும். பிரிக்கும்போது மேலே இழுக்காமல், தன்மேலேயே மடித்துப் பின்னோக்கி இழுங்கள்.

திரவ மாஸ்க்கை (பூசிக் காயவிட்டுப் பின் உரித்தெடுக்கும் மறைப்புத் திரவம்) நல்ல பிரஷால் தொடவே வேண்டாம், பிரஷ் பாழாகும். பூசியதை நாள் கணக்கில் விட்டுவைத்தால் உரிப்பதும் கடினம்.

டேப் ஓரத்தில் வண்ணம் மேடு கட்டுவது, ஓரத்தை நோக்கிக் கனமாகத் தெளிப்பதால். டேப் மேலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அடுக்குகளாகத் தெளிக்க வேண்டும். கசிவுக்குப் பயந்தால், முதல் அடுக்காக அடியிலுள்ள டார்க் எர்த்தையே ஓரத்தில் தெளித்துவிடுங்கள்; கசிந்தாலும் அதே நிறம்தான் கசியும். அப்படியும் மேடு வந்துவிட்டால், டீக்கல் (சின்னங்கள், எண்கள் கொண்ட ஒட்டுப்படம்) ஒட்டுமுன் 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து இரண்டு மூன்று முறை லேசாகத் தேய்த்தால் போதும். டீக்கலுக்குப் பிறகு கவனித்தால், செய்ய ஒன்றுமில்லை.