பீங்கான் கரி அடுப்பைச் சீக்கிரம் கெடுக்கும் பழக்கங்கள்

"இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிறோமே, தினமும் மூட்டினால் தாங்குமா?" பீங்கான் கரி அடுப்பு வாங்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கோலாலம்பூர்க் கடைகளில் கமாடோ என்ற பெயரில் விற்கும் முட்டை வடிவ அடுப்பைத்தான் சொல்கிறேன். தினமும் மூட்டலாம், தாராளமாகத் தாங்கும். சூளையில் இதைவிடப் பல மடங்கு சூட்டில் வெந்து வந்த பொருள், நாம் சுடும் கோழிக்கும் மீனுக்கும் அசைந்து கொடுக்காது. நம் ஊரில் இந்த அடுப்புகள் கெட்டுப்போவது பெரும்பாலும் நெருப்பு அணைந்த பிறகுதான். மழையில் நனைகிறது, ஈரச் சாம்பல் உள்ளேயே கிடக்கிறது, சூடு ஆறுவதற்குள் யாராவது தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிடுகிறார்கள்.

இதன் மூதாதை ஜப்பானியக் களிமண் அடுப்பு. பிக் கிரீன் எக் நிறுவனத்தை 1974இல் அட்லாண்டாவில் தொடங்கிய எட் ஃபிஷர், ஆரம்பத்தில் அந்தக் களிமண் ரகத்தைத்தான் விற்றார். மண் என்பதால் சூடேறிச் சூடேறி விரிசல் விட்டது. அதனால்தான் பிற்பாடு உறுதியான பீங்கானுக்கு மாறினார்கள். இப்போது சந்தையில் இருக்கும் நல்ல அடுப்புகள் அந்த வழியில் வந்தவை. பீங்கான் பாகங்களுக்கு முதல் உரிமையாளரின் ஆயுள் முழுக்க உத்தரவாதம் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் வாங்கியிருக்க வேண்டும், கீழே போட்டு உடைத்திருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் இருக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

"மாமாக் கடைத் தந்தூர் தினமும் மணிக்கணக்காக எரிகிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லையே" என்று சிலர் கேட்பார்கள். தந்தூர் ஒருமுறை சூடேறினால் கடை மூடும்வரை ஏறக்குறைய அதே சூட்டில் நிற்கும். வீட்டு அடுப்பு அப்படியில்லை. சாயங்காலம் மூட்டுகிறோம், 250 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுகிறோம், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து மூடிவிடுகிறோம். மறுநாளும் அதே கதை. எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு வேகமாக ஏறி இறங்கியது என்பதுதான் பீங்கானுக்குக் கணக்கு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதுதான் பீங்கானின் குணம். சூடான பரப்பு திடீரெனக் குளிர்ந்தால், மேல்தோல் சுருங்கப் பார்க்கும், உள்ளிருக்கும் சூடான பகுதி விடாது. அந்த இழுப்பில்தான் விரிசல் விழுகிறது. கொஞ்சம் வேகமாகச் சூடேற்றுவதைவிட, சூட்டின்மேல் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுவது எவ்வளவோ மோசம்.

ஆகவே முதல் தவறு, நெருப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்றுவது. மண் அடுப்போடு வளர்ந்த கைக்கு இது தன்னால் வரும். இந்த அடுப்பில் அதற்குத் தேவையே இல்லை. கீழ்த் துவாரத்தையும் மேல்மூடித் துவாரத்தையும் அடைத்தால் காற்றில்லாமல் நெருப்பு தானே அடங்கிவிடும். மிச்சக் கரி மறுநாளைக்கும் ஆகும். அதேபோல், கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சுவதும் சோப்புப் போடுவதும் வேண்டாம். வெளிப்புறம்தான் பளபளப்புப் பூச்சு பூசியது. உட்புறம் பூச்சில்லாத, நுண்துளை நிறைந்த பரப்பு, சோப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரத்தோடு அடுத்த நாள் பெருந்தீ மூட்டினால், நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும். வெளியேற வழி கிடைக்காத ஆவி பீங்கானைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்திருந்தால் ஒருமுறை 300 டிகிரி பக்கம் ஏற்றி எரிய விடுங்கள். கருகி உதிர்ந்ததை ஆறிய பிறகு துடைப்பத்தால் பெருக்கினால் போதும்.

மழைக்கு வருவோம். கே.எல். சாயங்கால மழை நேரம் பார்த்து வருவதில்லை, சாத்தே பாதி வெந்திருக்கும்போது கொட்டும். பூச்சுள்ள வெளி ஓட்டின்மேல் நாலு தூறல் விழுந்தால் ஒன்றும் ஆகிவிடாது. மேல் துவாரம் வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர்தான் வில்லங்கம், அது நேராக, கரி எரியும் சூடான பீங்கான் கரிப்பெட்டிமேல் போய் விழும். போர்ச்சின் கூரை விளிம்புக்குக் கீழே, தண்ணீர் ஒழுகும் இடத்தில் அடுப்பை நிறுத்துகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. உள்ளே நனைந்துவிட்டால் மூடியைத் திறந்துபோட்டு நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் கையளவு கரியில் சிறு தீ மூட்டி, 100 டிகிரியைத் தாண்டாமல் வெகுநேரம் மெல்ல உலர்த்துங்கள். நேராகப் பெரிய தீக்குப் போகாதீர்கள்.

உறை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறுதான். அடுப்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிளாஸ்டிக் உறையை மாட்டி, துவாரங்களையும் இறுக்கி அடைத்து, இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்து பாருங்கள், கம்பித் தட்டின்மேல் சாம்பல் நிறப் பஞ்சுபோலப் பூஞ்சை பூத்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் நம் ஊர் ஈரக் காற்றும் அதற்குப் போதும். பூஞ்சை பிடித்த பழைய கரியை எடுத்து வீசிவிடுங்கள். புதுக் கரி போட்டு, சமைக்காமல் ஒருமுறை நன்றாக எரித்து, தட்டைத் தேய்த்துவிட்டால் அடுப்பு பழையபடி ஆகிவிடும், பீங்கானுக்குச் சேதமில்லை. நாள்கணக்கில் மூட்டாமல் விடுவதாக இருந்தால், ஆறிய பிறகு கூரையடியில் வைத்துத் துவாரங்களைச் சற்றுத் திறந்துவிடுங்கள். பினாங்கில் பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே பீங்கானுக்கு எதுவும் ஆவதற்கு முன்னால் துருப்பிடிப்பது மேல் துவாரத்தின் வார்ப்பிரும்பு மேல்மூடியும், அடுப்பின் மூடியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையும். மேல்மூடிக்கு அவ்வப்போது லேசாகச் சமையல் எண்ணெய் தடவுவது நல்லது.

சாம்பலைப் பலர் குப்பைதானே என்று விட்டுவிடுகிறார்கள். தினமும் மூட்டும் அடுப்பில் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. மரச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் காரக் குழம்பாகி, கீழே இருக்கும் இரும்புத் தட்டையும் துவாரக் கதவையும் அரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. உள்ளே இருக்கும் கரிப்பெட்டிக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. சூட்டில் கரிப்பெட்டி விரிவதற்காக விட்ட இடம் அது. மாதக்கணக்கில் சாம்பலும் கரித்தூளும் அங்கே இறங்கிக் கெட்டித்துவிட்டால், விரிய இடமில்லாமல் பெட்டி பிளந்துவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை, முழுக்க ஆறிய பிறகு உள் பாகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்து, அடியில் உள்ளதை வாரி எடுங்கள். திரும்ப வைக்கும்போது கரிப்பெட்டியின் வாய் கீழ்த் துவாரக் கதவுக்கு நேராக இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று போகாது. சாம்பலை மறுநாள் எடுத்தாலும் தகர வாளியில் கொட்டுங்கள். நெகிழிப் பையில் போட்டு வாசல் குப்பைத்தொட்டியில் சேர்த்துவிட்டு, உள்ளே கனிந்துகொண்டிருந்த ஒரு துண்டால் தொட்டியே உருகிய கதைகள் உண்டு.

கரி விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பேராக் கோல செபெத்தாங் சூளைகளில் மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பாக்காவ் மரத்தைக் கரியாக்குகிறார்கள். அடர்த்தியான கரி, நின்று எரியும். அதனாலேயே, திறந்த அடுப்பில் போடுவதுபோல வாய் நிறையக் கொட்டிவிட்டு, கீழ்த் துவாரத்தையும் முழுக்கத் திறந்துவிட்டுப் போனால் சூடு கைமீறிவிடும். பீங்கான் வாங்கிய சூட்டை லேசில் விடாது, ஏறிப்போனதை இறக்க மணிக்கணக்காகும். மூடியைத் திறந்து வைத்தால் ஆறும் என்று நினைக்காதீர்கள், காற்றுக் கிடைத்து நெருப்பு இன்னும் கொழுந்துவிடும். நாலு பேருக்கு மீன் சுடுவதற்குக் கொஞ்சம் கரி போதும், தேவையான சூட்டுக்குச் சற்று முன்பே துவாரத்தைக் குறைக்கத் தொடங்குங்கள். சாக்குக் கரியை ஈரத் தரையில் வைக்காமல் மூடியுள்ள டிரம்மில் வையுங்கள், ஈரக் கரி வெடித்துத் தெறிக்கும். பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். உட்சுவர் அதைக் குடித்துவிட்டுப் பல சமையலுக்கு வாடையைத் திருப்பித் தரும். சமையல் எண்ணெயில் நனைத்த டிஷ்யூவை முறுக்கிக் கரிக்கு நடுவே சொருகினால் அழகாகப் பிடிக்கும்.

காற்றை அடைத்து வைத்திருந்த சூடான அடுப்பின் மூடியை ஒரே வீச்சில் தூக்குவது அடுப்பைவிட உங்களுக்கு ஆபத்து. உள்ளே தேங்கிய வாயு புதுக் காற்றைக் கண்டதும் குப்பென்று எரியும், புருவம் பொசுங்கும். இரண்டு விரல் உயரம் தூக்கி, சில வினாடி பிடித்து, பிறகு திறங்கள். அந்தச் சுவாலை, காற்றுப் புகாமல் இருக்க விளிம்பில் ஒட்டியுள்ள கேஸ்கெட் பட்டியையும் கருக்கும். தேய்ந்து மாற வேண்டிய பாகமே கேஸ்கெட்தான், அது போனதற்கு அடுப்பே போய்விட்டதாக வருத்தப்பட வேண்டாம். புது அடுப்பில் முதல் சில தீயை 180 டிகிரிக்குள் வைத்தால் அதன் பசை நன்றாக இறுகும். இன்னும் பிடிக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஆறிய அடுப்பின் விளிம்பில் ஒரு 10 ரிங்கிட் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. சுற்றிலும் நாலைந்து இடத்தில் பாருங்கள். 1 ரிங்கிட் நோட்டு வேண்டாம், அது பாலிமர், தானே வழுக்கும்.

மூடியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையின் நட்டுகள் சூடேறி ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஒருநாள் கனமான மூடி பட்டையிலிருந்து நழுவித் தரையில் விழும். எவ்வளவோ நெருப்பைத் தாங்கிய பீங்கான் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனர் போட்டு இறுக்கிவிடுங்கள். பெரிய ரகம் 70 கிலோவைத் தாண்டும். அதைச் சக்கர ஸ்டாண்டோடு தள்ளிக்கொண்டு போகும்போது லோங்காங் (வடிகால்) மூடியின் கம்பி இடுக்கில் ஒரு சக்கரம் மாட்டினால் போதும், கதை முடிந்தது. தள்ளாமல் இழுங்கள், அதுவும் இரண்டு பேராக. காண்டோ பால்கனியில் வைக்க நினைப்பவர்கள் முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் கண்ணாடிக் கதவை அடைத்துக்கொண்டு மூட்டாதீர்கள், கரிப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு.

கடைசியாக, விரிசலைக் கண்டதும் பதறுவது. வெளிப்பூச்சில் சிலந்தி வலைபோல ஓடும் மெல்லிய கீறல்கள் பூச்சோடு நிற்பவை, உறுதியைக் குறைப்பதில்லை. கரிப்பெட்டியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விழுந்தாலும், துண்டுகள் இடத்தில் நிற்கும்வரை சமைக்கலாம். சில நிறுவனங்கள் கரிப்பெட்டியைத் தொடக்கத்திலேயே பல துண்டுகளாகச் செய்வதும் இதற்காகத்தான். அடி ஓட்டிலோ மூடியிலோ சுவரைத் துளைத்துப் போகும் விரிசல் வேறு கதை, அதற்குமேல் மூட்டக் கூடாது. பழைய அடுப்பை யாரிடமாவது வாங்கப் போனால், ஆறியிருக்கும்போது விரல் கணுவால் தட்டுங்கள், சந்தையில் பானையைத் தட்டி வாங்குவதுபோலத்தான். கணீரென்று கேட்டால் விலை பேசலாம். மொத்தென்று கேட்டால் பட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் விரிசல் அதன் அடியில் ஒளிந்திருக்கும்.