நெதர்லாந்தில் ஓஆர் உறுப்பினரா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஓஆர் என்ற ஊழியர் மன்றத்தின் தேர்தலில் ஜெயித்த புதிதில் நான் செய்த முதல் தவறு, பயிற்சி வகுப்புக்குப் போக என் டீம் மேனேஜரிடம் அனுமதி கேட்டது. "இந்த மாதம் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாமே" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் ஓஆரில் பல வருடம் இருந்த ஒரு டச்சு அம்மா இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "நீ அவரிடம் கேட்டாயா, சொன்னாயா?" என்றார். ஓஆர் வேலையில் பாதி அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓஆர் என்பது ஒண்டர்நேமிங்ஸ்ராத் என்பதன் சுருக்கம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் இந்த மன்றத்தை அமைத்தாக வேண்டும். இதற்கான சட்டத்தைச் சுருக்கமாக வோர் என்பார்கள். 1950இல் வந்து 1971இல் புதிதாக எழுதப்பட்ட சட்டம். 2022 முதல், மூன்று மாதம் வேலை பார்த்திருந்தாலே ஓட்டுப் போடலாம், தேர்தலிலும் நிற்கலாம். எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் ஐன்ட்ஹோவனிலோ ஆம்ஸ்டெல்வேனிலோ வேலை பார்க்கும் நம்மவர்களும் தாராளமாக நிற்கலாம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். வோர் 18ஆம் பிரிவின்படி ஓஆர் உறுப்பினருக்கு வருடத்துக்குக் குறைந்தது 5 நாள் பயிற்சி உண்டு. ஏதாவது துணைக்குழுவிலும் இருந்தால் 8 நாள். துணைக்குழுவில் மட்டும் இருப்பவருக்கு 3 நாள். எல்லாமே வேலை நேரத்தில், சம்பளத்தோடு. என்ன பயிற்சி தேவை என்பதையும் உறுப்பினர்களே தீர்மானிக்கிறார்கள். தங்கள் பணிக்கு "அவர்கள் தேவை என்று கருதும்" பயிற்சி என்றுதான் சட்டம் சொல்கிறது. தேதி விஷயத்தில் விட்டுக்கொடுக்கலாம், போவதா வேண்டாமா என்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நிறுவனம் முரண்டு பிடித்தால், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் கன்டோன் நீதிபதியிடம் போக வழி இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பிரிவின் எண்ணை மெயிலில் குறிப்பிட்டாலே போதும்.

இந்த நாட்கள் தவிர, உறுப்பினர்கள் தங்களுக்குள் கலந்து பேசவும் சக ஊழியர்களைப் பார்த்துப் பேசவும் வருடத்துக்கு 60 மணி நேரமாவது தர வேண்டும். இங்கே பலர் ஏமாறுவது ஒரு கணக்கில். முறையான ஓஆர் கூட்டங்களில் உட்காரும் நேரத்தையும் இந்த 60இல் கழித்துக்கொள்கிறார்கள். கூட்ட நேரம் வேறு, இது வேறு.

செலவைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2013 வரை நிறுவனங்களிடம் வரி போல வசூலித்த ஒரு நிதியிலிருந்து பயிற்சிக்குப் பணம் வந்தது. இப்போது நிறுவனம் நேரடியாகக் கட்ட வேண்டும். அதனால் "பட்ஜெட் இல்லை" என்ற பேச்சு அடிக்கடி வரும். எஸ்இஆர் என்ற சமூகப் பொருளாதார மன்றம் பயிற்சிக் கட்டணத்துக்கு ஒரு வழிகாட்டித் தொகை வைத்திருக்கிறது. அதைக் காட்டிப் பேசுங்கள். ஆனால் வெளி நிபுணர், வக்கீல் விஷயத்தில் கவனம் தேவை. அவர்களுக்கு ஆகும் செலவை நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தால்தான் அது நிறுவனத்தின் தலையில் விழும். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து பில்லை நீட்டினால், "எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்ற பதில்தான் வரும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு காலக்கெடுவைக் கோட்டைவிடுவது. இயக்குநர் கூட்டத்தில் ஒரு ஸ்லைடு போட்டு, "ஜனவரியிலிருந்து இரண்டு பிரிவுகளை இணைக்கிறோம், உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று" என்பார். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். இணைப்பு, மூடல், இடமாற்றம், பெரிய முதலீடு போன்றவற்றுக்கு 25ஆம் பிரிவின்படி ஓஆரிடம் எழுத்தில் ஆலோசனை கேட்க வேண்டும். அதுவும் முடிவு இன்னும் உத்தேசமாக இருக்கும்போதே, நம் கருத்தால் அது மாற வாய்ப்பிருக்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். ஸ்லைடில் "முடிவு" என்று இருந்தால் அப்போதே கையைத் தூக்குங்கள். ஓஆரின் ஆலோசனைக்கு மாறாக நிறுவனம் முடிவெடுத்தால், அதை ஒரு மாதம் நிறுத்திவைக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிறுவன வழக்குகளைப் பார்க்கும் ஒண்டர்நேமிங்ஸ்காமருக்குப் போகலாம். மாதம் தாண்டினால் கதவு சாத்தியாகிவிடும்.

27ஆம் பிரிவு இன்னும் வலுவானது, ஆனால் ஓஆர்கள் மறந்துவிடுவதும் இதைத்தான். வேலை நேரம், விடுமுறை விதிகள், பணி மதிப்பீடு, பாதுகாப்பு, தனிப்பட்ட தரவு போன்ற விஷயங்களில் விதியைக் கொண்டுவரவோ மாற்றவோ ஓஆரின் ஒப்புதல் வேண்டும். கண்காணிப்பும் இதில் சேர்த்தி. டெலிவரி வேன்களில் ஜிபிஎஸ் பொருத்துகிறார்கள் என்று வையுங்கள். "திருட்டைத் தடுக்கத்தான், யாரையும் உளவு பார்க்க இல்லை" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஊழியரைக் கண்காணிக்கும் நோக்கம் தேவையில்லை, கண்காணிக்க ஏற்றதாக இருந்தாலே ஒப்புதல் கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால், முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் "இது செல்லாது" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். தெரிவிக்கவே இல்லையென்றால், நடைமுறைக்கு வருவது நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த மாதம் ஓடும். காபி மிஷின் பக்கத்தில் நின்று புலம்புவது அந்தக் கணக்கில் வராது.

ரகசியம் என்ற பேச்சில் இரண்டு பக்கமும் தடுக்கி விழுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார்கள். சிலர் இயக்குநர் "இது நமக்குள் இருக்கட்டும்" என்றதும் எதையும் யாரிடமும் பேசுவதில்லை. ஓட்டுப் போட்டவர்கள் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்றே தெரியாமல் இருக்கிறார்கள். எது ரகசியம், ஏன், எவ்வளவு காலம், யாரிடம் பேசலாம் என்பதை முடிந்தவரை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது 20ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் கேளுங்கள், பதிலை மினிட்ஸில் ஏற்றுங்கள்.

கடைசியாக, பாதுகாப்பை அளவுக்கு மீறி நம்புவது. உறுப்பினராக இருக்கும்போதும், விலகி இரண்டு வருடம் வரையிலும் வேலையைவிட்டு நீக்குவதற்குத் தடை இருக்கிறது. அதற்காக ஓஆர் உறுப்பினரை யாரும் தொட முடியாது என்று அர்த்தமில்லை. கடுமையான தவறு செய்து பிடிபட்டால் அந்த இடத்திலேயே நீக்கலாம். ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவரின் ஒப்பந்தம், ஓஆரில் இருக்கிறார் என்பதற்காகத் தானாக நீளாது. ஓஆரில் பேசியதற்காகவே நீட்டிக்கவில்லை என்று காட்ட முடிந்தால் 21ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆனால் அதைக் காட்டுவது லேசான வேலை இல்லை. தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு வேட்புமனு கொடுப்பவர், முதலில் அதன் முடிவுத் தேதியை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.