இஜென் எரிமலைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் இருக்கும் காவா இஜென், மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் ஏறக்கூடிய எரிமலை. பால்டுடிங் நுழைவாயிலிலிருந்து உச்சியிலுள்ள எரிமலைவாய்ப் பள்ளத்தின் விளிம்புவரை சுமார் 3 கிலோமீட்டர்தான். பாதை அகலமானது, கயிறு எதுவும் தேவையில்லை. நெருப்புக் குழம்பை நினைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். இங்கே வருகிறவர்களுக்கு உண்மையான ஆபத்து வாயு.

1. மலையின் நிலையைப் பாருங்கள்

இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு மலைக்கும் 1 முதல் 4 வரை எச்சரிக்கை நிலை வைத்திருக்கிறது. 'மாக்மா இந்தோனேசியா' இணையதளத்தில் பார்க்கலாம். 1 என்றால் இயல்பு நிலை. அதற்கு மேல் போனால் பள்ளத்தை நெருங்கவே தடை வரலாம். அதனால் பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள். உடல்நலச் சான்றும் கேட்கிறார்கள். ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மலையைத் தவிர்த்துவிடுவதே சரி.

2. முகமூடி

மற்ற சாமான்களில் ஏதாவது விட்டுப்போனால் சமாளித்துக்கொள்ளலாம், இதில் முடியாது. பள்ளத்திலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு, கண்ணிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. துணி முகக்கவசம் தூசியைத்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். அமில வாயுக்களுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். வழிகாட்டிகளிடம் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் வடிகட்டி எவ்வளவு பழையது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டுகிறதா என்று அறையிலேயே போட்டுப் பாருங்கள். தாடி இருந்தால் ஒட்டாது.

இன்னொன்று, கார்பன் டை ஆக்சைடை இந்த வடிகட்டி தடுக்காது. அது காற்றைவிடக் கனமானது, குழிவான இடங்களில் தேங்கி நிற்கும். காற்றோட்டமில்லாத தாழ்வான இடத்தில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டாம்.

கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். வெள்ளி நகை கறுத்துவிடும், கழற்றி வையுங்கள். தலையில் கட்டும் டார்ச், குளிருக்கு ஜாக்கெட், பிடிப்புள்ள ஷூ, தண்ணீர். அவ்வளவுதான்.

3. நேரம்

பாலியிலிருந்து படகில் வருகிறவர்கள் கவனியுங்கள்: ஜாவாவின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது. வண்டிக்காரரிடம் நேரம் பேசும்போது எந்தத் தீவின் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலைக்கு அருகிலுள்ள பான்யுவாங்கி நகரில் தங்கினால், இருட்டு விலகுமுன் மேலே போய்ச் சேர நள்ளிரவையொட்டிக் கிளம்ப வேண்டியிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் மழை குறைவு.

4. ஏற்றம்

முதல் 2 கிலோமீட்டர் செங்குத்து, அப்புறம் ஓரளவு சமதளம். பேச முடிகிற வேகத்தில் நடங்கள். கந்தகம் சுமக்கும் தொழிலாளர்கள் 70 கிலோவுக்கும் மேலான பாரத்தோடு எதிரே வருவார்கள். ஓரமாக நின்று அவர்களுக்கு வழி விடுங்கள். பாரத்தோடு நடுவழியில் நின்று மீண்டும் கிளம்புவது அவர்களுக்குப் பெரிய பாடு.

5. பள்ளத்துக்குள் இறங்கலாமா?

எல்லோரும் தேடி வருவது நீல நெருப்பை. பாறைப் பிளவுகளிலிருந்து கடும் சூட்டில் வெளியேறும் கந்தக வாயு காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் இரவுப் பயணம். ஆனால் முதல் முறை வருகிறவர்கள் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இறங்கும் வழி கரடுமுரடான பாறை, அதுவும் இருட்டில். காற்று திரும்பினால் புகை நேராக முகத்துக்கு வரும், வேகமாக ஏறித் தப்பவும் முடியாது. இறங்கியே ஆக வேண்டுமென்றால், அன்று பாதை திறந்திருக்க வேண்டும், வழிகாட்டி கூட இருக்க வேண்டும். அவர் "திரும்பு" என்றால் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும்.

6. விளிம்பில் விடியல்

வெளிச்சம் வந்ததும் சுமார் 1 கிலோமீட்டர் அகலத்துக்குப் பச்சையும் நீலமும் கலந்த ஏரி தெரியும். உலகின் மிகப் பெரிய கடும் அமில ஏரி இதுதான், இதன் பிஹெச் அளவு 1-க்கும் குறைவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையானது). எனக்கு நீல நெருப்பைவிட இந்தக் காட்சிதான் பெரிது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து ஏரியை நோக்கி வீசும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். புகை உங்கள் பக்கம் திரும்பினால் முகமூடியை மாட்டிக்கொண்டு, காற்றின் குறுக்காக நகருங்கள். வேலியைத் தாண்டிப் படமெடுக்காதீர்கள், விளிம்பு மண் உதிரக்கூடியது.

7. இறக்கம்

சரளை வழுக்கும், சின்னச் சின்ன அடியாக வையுங்கள். துணிகளைத் தனிப் பையில் போடுங்கள், கந்தக வாடை மற்றவற்றிலும் ஏறிவிடும். கீழே வந்த பிறகும் இருமலோ நெஞ்சு இறுக்கமோ நீடித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.