பல வருடம் நின்ற பைக்கா? முதல் நாள் கிக்கரைத் தொடாதீர்கள்

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கொட்டகை மூலையில் அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் எட்டு வருடம் நின்றது. 1993-இல் வாங்கியது. ஆர்.சி. புத்தகத்தில் முகவரி இன்னும் வேலூரின் பழைய பெயரான 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றுதான் இருக்கிறது. 2020 ஊரடங்கின்போது நானும் தம்பியும் வண்டியை வெளியே இழுத்தோம். கிக்கர் இறங்கவே இல்லை. புது பெட்ரோல் ஊற்றி, செகண்ட் கியரில் போட்டு, ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவில் தள்ளினோம். வண்டி பிடித்துக்கொண்டது, இரண்டு நிமிடம் ஓடவும் செய்தது. அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பிளாக்கைக் கழற்றினால், பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் சுவர் முழுக்க நெடுங்கோடு; பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் உடைந்திருந்தது. கம்பெனி போர், அதாவது கம்பெனியில் கடைந்த சிலிண்டர் துளை, அன்றோடு போனது. லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி (ரீபோர்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. எட்டு வருடம் நின்றபோது வராத சேதம் அந்த இரண்டு நிமிடத்தில் வந்தது. அப்பா எடுத்து ஓட்டிய இன்ஜினை என் அவசரம் கெடுத்துவிட்டது என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இன்னொருவர் வண்டிக்கு அது நடக்கக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நின்ற வண்டியில் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் படலம் கீழே இறங்கிவிடும். மழைக்காலத்து ஈரம் உள்ளே போய் மெல்லிய துரு பிடிக்கும். ரிங் அந்தத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தள்ளி, உதைத்து, வம்படியாக அசைத்தால் துருத்துகளே அரம் போலச் சுவரைக் கீறும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயில்தான் சிலிண்டருக்கு வழவழப்பு; ஆர்எக்ஸ் 100-இல் அதற்குத் தனி டேங்க், தனி பம்ப். வருடக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பைப்பில் காற்று புகுந்துவிடும். நாங்கள் ஊற்றியது வெறும் பெட்ரோல். பம்ப்பிலிருந்து ஒரு சொட்டு ஆயில்கூட வரவில்லை. ஆயில் இல்லாமல் ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இரண்டு நிமிடமே அதிகம்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். துடைக்காமல் கழற்றினால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும். துவாரம் வழியாக ஐந்து முதல் பத்து மில்லி ஆயில் விடுங்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு 2டி, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இன்ஜின் ஆயில். இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசையவில்லையா, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி காத்திருங்கள். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். சுத்தியலால் தட்டுவது, கிக்கரில் நீளமான பைப்பை மாட்டி மிதிப்பது, இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுப்பது எதுவும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக் என்றால் பம்ப்பில் காற்றை எடுத்து, ஆயில் வருவதைக் கண்ணால் பார்க்கும்வரை, லிட்டருக்கு 25 மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பழசின் மேலேயே புதுசை ஊற்றுவது. வேலூர் வெயிலில், அதுவும் தகரக் கொட்டகைக்குள், பெட்ரோலில் சுலபமாகத் தீப்பிடிக்கும் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மிஞ்சுவது பிசின் மாதிரி கெட்டியாகி, வார்னிஷ் வாசனை அடிக்கும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கி, துருவைக் கிளப்பும். அதனால் டேங்க்கைக் கழற்றி முழுவதும் காலி செய்யுங்கள். எடுத்த பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றிவிடாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பட்டபாடு போதும். மெக்கானிக்கிடம் கொடுத்தால் சாமான் கழுவ வைத்துக்கொள்வார்.

டேங்க்குக்குள் துரு இருந்தால் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றச் சொல்லுவார்கள். கேட்காதீர்கள். அது துருவோடு தகரத்தையும் தின்று ஊசித் துளை போடும். வினிகர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். நம் வெயில் இதற்குப் பயன்படும் அளவுக்கு வேறு எதற்கும் பயன்படாது. காய்ந்ததும் கொஞ்சம் 2டி ஆயிலை உள்ளே சுழற்றிவிட்டால் மறுபடி துரு பிடிக்காது.

கார்புரேட்டரைக் கழற்றும்போது பைலட் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள திருகு) கட்டாயம் அடைத்திருக்கும். அதை ஊக்கு வைத்துக் குத்துகிறவர்கள்தான் அதிகம். ஜெட் பித்தளை, ஊக்கு எஃகு. துளை மயிரிழை அளவு பெரிதானாலும் பெட்ரோல், காற்றுக் கலவை மாறிவிடும்; அப்புறம் வண்டி ஐடிலில் நிற்காது. கார்ப் க்ளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். பழைய ரப்பர் ஓரிங்குகள் எத்தனாலில் ஊதிப்போகும், புதுசு மாற்றிவிடுங்கள்.

பஞ்சர் கடைக்குப் போகும் வழியில் வாட்டர் சர்வீஸில் விட்டுக் கழுவுகிறார்களே, அதையும் வேண்டாம் என்பேன். வறண்டுபோன சீல் வழியாக வேகத் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். முதலில் தூசியைத் துணியால் தட்டுங்கள். ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருக்கும், ஒயரைக் கடித்திருக்கும். சைலன்சர் முனையில் குளவி மண்கூடு வைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் முழுகிய வண்டியை அப்படியே நிறுத்திவைத்திருந்தால் கதையே வேறு. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் இன்ஜினைப் பிரிக்காமல் சுற்றவே கூடாது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழைய ஆயிலோடு ஸ்டார்ட் செய்து, ஓடினால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் மாற்றுங்கள். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீண்ட நாள் நின்றால் ஆயில் டேங்க்கிலிருந்து இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். அளவுக்கம்பியில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றினால் ஆயில் இரண்டு பங்காகிவிடும். அடியில் வடித்துவிட்டுப் பிறகு அளந்து ஊற்றுங்கள்.

ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கைத் துவாரத்துக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேப்பை மூடி, டேங்க்கைத் தள்ளி வைத்துவிட்டு, இன்ஜின் ஹெட்டின் தூரத்து ஓரத்தில் வைத்துப் பாருங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவும் வேண்டாம்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் சந்தோஷத்தில் உடனே கியர் போடுவதுதான் உயிருக்கே ஆபத்தான தவறு. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளட்ச்சைப் பிடித்தாலும் வண்டி பாயும். இன்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, பிளேட் விடுகிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் துருப்பிடித்துச் சிக்கினால் வேகம் குறையாது. பழைய கேபிள்களைச் சரிபண்ணாமல் புதுசாகவே மாற்றுங்கள். டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூவில் லைனர் உரிந்திருக்கிறதா பாருங்கள். அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3212 என்றால் 2012-ஆம் ஆண்டு 32-ஆவது வாரம். அந்த வயதில் பட்டன் முழுதாக இருந்தாலும் ரப்பர் இறுகி விரிசல் விட்டிருக்கும். டியூபையும் சேர்த்து மாற்றுங்கள். பேட்டரி பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டு வருடம் நின்றது செத்ததுதான், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்.

காகிதத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 25. வண்டி இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் காட்பாடி பாலத்தைக்கூடத் தாண்டாதீர்கள்.

முதல் ஓட்டமே ஏலகிரி என்று கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். 14 கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பிரேக் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டாம். முதல் 50 கிலோமீட்டரைத் தெருவிலும் ஊர் ஓரத்திலும் பகலில் ஓட்டுங்கள். திரும்பி வந்து, இன்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. டூ ஸ்ட்ரோக் என்றால் கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட் ஓரத்தில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) இறுகிப் போயிருக்கலாம், அதை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.