வீட்டுக்குப் போனா முதல்ல அம்மாவைப் பாருங்க: அங்கன்வாடி வேலைக்குப் புதுசா வர்ற தங்கச்சிகளுக்கு

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் குழந்தையோட எடை அட்டையை விரிக்காதீங்க. "சாப்ட்டியா கண்ணு, ராத்திரி தூங்கினியா?"ன்னு அம்மாவைக் கேளுங்க. அசந்து கிடக்கிற பொண்ணுக்கு நாம சொல்ற எதுவும் காதுல ஏறாது.

6 மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூட வேண்டாம். இதை மாமியாரும் பக்கத்துல இருக்கும்போது சொல்லுங்க. நிறைய வீட்ல பாலாடை, அதான் குழந்தைக்குப் புகட்டுற சின்னக் கிண்ணம், அவங்க கையிலதான் இருக்கு.

அப்புறம் இணை உணவு, அதாவது தாய்ப்பாலோட கூடவே கொடுக்கிற சாப்பாடு. தாய்ப்பாலும் 2 வயசு வரைக்கும் தொடரணும். "கெட்டியா கொடு"ன்னு வாயால சொன்னா பத்தாது. அவங்க அடுப்படியிலேயே குழைஞ்ச சோறு, பருப்பு, கொஞ்சம் நெய் சேர்த்து மசிச்சு, கரண்டியைச் சாய்ச்சுக் காட்டுங்க. ஒழுகி ஓடினா தண்ணி ஜாஸ்தி. கரண்டியிலேயே நின்னாத்தான் பதம். சத்துமாவுக் கஞ்சிக்கும் இதே கணக்குதான். தண்ணியா ஊத்தினா வயிறு ரொம்பும், எடை ஏறாது.

அப்பாக்களை விட்டுடாதீங்க. குழந்தை "ங்கா"ன்னா அவரும் முகம் பார்த்து "ங்கா" சொல்லணும். பேச்சு அப்படித்தான் வரும், செல்போன்ல வராது.

ஒரு மாசம் எடை ஏறலைன்னாலும் கிராம சுகாதார செவிலியர்கிட்ட காட்டணும். அட்டையைக் கொடுத்து அனுப்பாம, நீங்களும் கூடவே போங்க.