உத்திரம் செதுக்கும்போது கோடாலிக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் தேவாலயக் கூரை எரிந்தபோது, 13ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் கோடாலியால் செதுக்கிய ஓக் உத்திரங்களும் எரிந்து போயின. மரம் அவ்வளவு நெருக்கமாக நின்றதால் அந்தக் கூரைக்கூட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘காடு’ என்றே சொல்லி வந்தார்கள். திரும்பக் கட்டும்போது அதன் பெரும்பகுதியை மறுபடியும் கோடாலியாலேயே செதுக்கினார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கோடாலியைத் தூக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தோள் பலத்தில் நடக்கிற வேலை இது என்று நினைத்துவிடுகிறார்கள். உருண்டை மரத்தைச் சட்டமாக்குவதில் கோடாலிக்குக் கடைசி முறைதான். அதற்கு முன்பே மரத்தேர்வும் தூக்குக்குண்டும் கோடு போடும் நூலும் பாதி வேலையை முடித்திருக்க வேண்டும்.

மரத்திலிருந்து தொடங்குவோம். நன்றாகக் காய்ந்த மரம்தான் நல்ல மரம் என்ற எண்ணம் மேசை நாற்காலி செய்ய உதவும், இங்கே உதவாது. காய்ந்த ஓக்கில் கோடாலி துள்ளும், வாய் மழுங்கும், கை ஓயும். வெட்டிய ஈரம் மாறாத மரத்தில் அதே கோடாலி வழுக்கிக்கொண்டு இறங்கும். 2020 ஜூலையில் ‘எல்லைகளற்ற தச்சர்கள்’ என்ற குழு நார்மண்டியில் நோத்ர தாமின் ஒரு கூரைச்சட்டத்தை முழுக்கக் கைக்கருவிகளால் செய்து, அந்தச் செப்டம்பரில் தேவாலய முற்றத்திலேயே தூக்கிக் காட்டியது. அதுவும் பச்சை மரம்தான்.

மரத்தின் முறுக்கைப் பார்க்காமல் வாங்குவது இன்னொரு தவறு. பட்டையின் வெடிப்புகள் தண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினால் உள்ளே நாரும் பெரும்பாலும் அப்படித்தான் ஓடும். அந்த மரத்தை எவ்வளவு நேராகச் செதுக்கினாலும் காயும்போது திருகிக்கொள்ளும். அளவையும் அடிப்பக்கத்தில் எடுக்கக் கூடாது, நுனியில் எடுக்க வேண்டும். நுனியில் 40 செ.மீ. விட்டம் இருந்தால் முழு மூலைகளோடு கிடைக்கும் சதுரம் சுமார் 28 செ.மீ. மட்டுமே. மூலையில் கொஞ்சம் உருண்டை மிஞ்சினாலும் பரவாயில்லை என்றால் இன்னும் சற்றுப் பெரிதாக எடுக்கலாம்.

இனி நூல். என் கணிப்பில் கெட்டுப்போகும் உத்திரங்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. மரத்தைத் தாங்குகட்டைகள் மேல் ஏற்றி, இரும்புக் கொக்கி அடித்து அசையாமல் நிறுத்திய பிறகே இரு முனைகளிலும் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்துக் கோடு போட வேண்டும். ஒரு முனையில் கோடு போட்டுவிட்டு, மறுமுனைக்கு நடந்து போவதற்குள் மரம் விரலளவு உருண்டாலும் போதும், இரண்டு முனையும் இரண்டு திசை பார்க்கும். உத்திரம் பிறக்கும்போதே முறுக்கோடு பிறக்கும். அதைப் பிறகு எந்தக் கோடாலியாலும் சரிசெய்ய முடியாது, சட்டத்தின் கனத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம், அவ்வளவுதான்.

நூல் விழும் இடத்தில் பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டையில் கோடு தெளிவாகப் பதியாது, அதில் ஒட்டியிருக்கும் மண் கோடாலியின் வாயையும் தின்னும். கரியோ நீலமோ தோய்த்த நூலை இரு முனைக் கோடுகளிலும் இழுத்துக் கட்டி, நேர் மேலே தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து விட்டாலும், உருண்ட முதுகின் மேல் கோடு வளைந்து விழும். நீங்கள் அந்த வளைவை நேர்க்கோடு என்று நம்பி வெட்டிக்கொண்டு போவீர்கள்.

கோடு விழுந்ததும் அகலவாய்க் கோடாலியை எடுத்து நேராகச் சீவத் தொடங்குவது அடுத்த அவசரம். முதலில் சாதாரணக் கோடாலியால் 30 முதல் 50 செ.மீ. இடைவெளியில் குறுக்கே பள்ளங்கள் போட வேண்டும். அவற்றுக்கு இடையிலுள்ள கட்டைகளைப் பிளந்து தள்ளிய பிறகே சீவல். பள்ளம் இல்லாமல் பிளந்தால் பிளவு நாரோடு ஓடி, கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். பள்ளத்தைக் கோடுவரை இறக்குவதும் பிழை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முடிந்த முகத்தில் வடுப்போல வெட்டுகள் நிற்கும். கணு உள்ள இடத்தில் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும், அங்கே நாரின் திசை மாறுகிறது.

அந்தத் திசையை எப்படி அறிவது? முதல் கட்டை பெயரும்போது மரமே சொல்லிவிடும். பிளவு கோட்டுக்கு வெளியே ஓடினால் போகும் திசை சரி. உள்ளே இறங்கினால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். “இன்னும் இரண்டு வெட்டுதானே” என்று தொடர்கிறவர்தான் சட்டத்திலிருந்து ஒரு கைப்பிடி மரத்தைப் பிய்த்து எடுக்கிறார்.

அகலவாய்க் கோடாலிகளில் பல வகை ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை. தட்டையான பக்கம்தான் சட்டத்தோடு ஒட்டி இறங்க வேண்டும். விரல் மரத்தில் உரசாமலிருக்கக் காம்பும் சற்று வெளியே விலகியிருக்கும். ஆகவே வலக்கைக்காரர் கோடாலி இடக்கைக்காரருக்கு ஆகாது. பழைய கோடாலி வாங்குகிறவர்கள் இதை விசாரிப்பதே இல்லை. நோத்ர தாமுக்கு அல்சாஸ் கொல்லர்கள் இடைக்கால வடிவத்தில் தனியாகவே கோடாலிகள் அடித்துக் கொடுத்தார்கள். வாய் எந்த வடிவமோ அந்த வடிவத்தில்தான் மரத்தில் தடம் விழும் என்பதால் அவ்வளவு கவனம். கால் விஷயத்தில் சமாதானமே கிடையாது: கோடாலி குறி தவறினால் எங்கே போகும் என்று பார்த்து, அந்தப் பாதையில் கால் இல்லாமல் நில்லுங்கள்.

வளைந்த மரத்தை வலுக்கட்டாயமாக நேராக்குவதை நான் பெரிய குற்றமாகவே நினைக்கிறேன். ரெமி ஃப்ரொமோன், செத்ரிக் ட்ரென்ட்சோ என்ற இரு கட்டடக்கலைஞர்கள் தீவிபத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தக் கூரையை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். பழைய உத்திரங்கள் மரத்தின் மெல்லிய வளைவோடு சேர்ந்தே செதுக்கப்பட்டிருந்தன. நார் அறுபடாமல் முனைக்கு முனை ஓடினால்தான் உத்திரம் சுமை தாங்கும். நேர்க்கோட்டுக்காக நாரை நடுவில் அறுத்தால் கண்ணுக்கு அழகு, கூரைக்கு ஆபத்து.

செதுக்கி முடித்த பச்சை மரத்தை வெயிலில் போடாதீர்கள். முனைகள் வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அங்கே மெழுகு பூசி, நிழலில், அடியில் குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். மரத்தின் மையம் உள்ளேயே இருக்கும் உத்திரம் எப்படியும் கொஞ்சம் வெடிக்கும். வளையத்தோடு சுருங்குவது குறுக்கே சுருங்குவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் அதைத் தவிர்க்க இயலாது, பயப்படவும் வேண்டாம்.

நம் ஊரில் இந்த முறையைப் படித்துவிட்டுப் பனையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓக்கில் கெட்டியான வைரம் உள்ளே, மெத்தென்ற வெளிறு வெளியே. அதனால் வெளியைச் செதுக்கித் தள்ளுகிறோம். பனையில் எல்லாம் தலைகீழ். தொல்காப்பியம் வெளியே காழ், அதாவது வைரம், உள்ளதைப் புல் என்றும், உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும் பிரித்தது வெறும் இலக்கணமன்று, தச்சனுக்கும் அதுதான் பாடம். பனையை நாலு பக்கமும் சதுரமாகச் செதுக்கினால் வைரமெல்லாம் சிராயாகிக் காலடியில் கிடக்கும், கையில் மிஞ்சுவது சோறு என்கிற மெத்தென்ற உள்தண்டுதான். அதனால்தான் நம் தச்சர்கள் தண்டை நெடுக்காகப் பிளந்து, உட்புறச் சோற்றைக் கோடாலியாலும் வாய்ச்சி என்ற செதுக்குக் கருவியாலும் கழித்து, வெளிவைரத்தைக் கூரைக்கான கைமரமாக எடுத்தார்கள்.